அண்ணி மரத்து மொட்டு

பிளேடு முனையால் பட்டையில் நான்கு கோடுகள். நகத்தளவு ஒரு சதுரம். பட்டையை மட்டும் அறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டையில் கீறல் விழக் கூடாது. விரல்கள் சதுரத்தின் ஓரத்தை மெல்ல நெம்பின. பட்டை ஈரத்தோடு கழன்று வந்தது. அதே அளவில் இன்னொரு சதுரம், நடுவில் ஒரு துளிர் மொட்டோடு, ஈரத்துணிக்குள் காத்திருந்தது. அதை எடுத்து நாற்றின் தண்டில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவை இழுத்துச் சுற்றின கைகள். மொட்டு மட்டும் வெளியே தெரிந்தது.

முடிச்சுப் போட்ட பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் வீணாய்ப் போயிருந்தன. அவள் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் தையல்காரி. கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டே காலம் ஓடியிருந்தது. ஒட்டுப் போட்ட இடம் எது என்று கிடங்கு மேலாளர் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். அந்தக் கைப்பழக்கமே அவள் காலை வாரிவிட்டது. துணி சுருங்கிவிடுமே என்று முதல் தடவை நாடாவைத் தளரக் கட்டினாள். பட்டை காய்ந்து கருகியது. இரண்டாம் தடவை சதுரம் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. ஆனால் தலைகீழாக. துணியில் ஒட்டுத் துண்டை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒட்டுதான். பட்டைக்கு மேல் உண்டு, கீழ் உண்டு. அது அவளுக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்த மொட்டு, தொட்டதும் உதிர்ந்துவிட்டது.

இனி நான்காம் தடவை கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அங்கே வெட்டிப்போட்ட நெல்லி மரத்தின் அடிக்கட்டையில் ஒரே ஒரு கிளை துளிர்த்திருந்தது. அதில் கடைசியாக மிஞ்சிய நல்ல மொட்டு இதுதான். நாளைக் காலை கட்டையைப் பெயர்க்க ஆள் வருகிறது. பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போடப்போகிறார் அண்ணன்.

“ஒட்டுப் போட்டாச்சா? இனிமே பட்டன் வச்சு இஸ்திரி போட வேண்டியதுதான்” என்றார் வீட்டுக்காரர். அவர் பெயிண்டர். வேலை இல்லாத நாட்களில் வாய்க்கும் ஓய்வு கொடுக்கமாட்டார்.

“நீங்க சும்மா இருந்தாலே அது துளிர்க்கும்.”

அந்த மரம் அண்ணி நட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் இவள் வீட்டிலும் ஒரு நெல்லி உண்டு. இரண்டும் இரண்டு ரகம். இவளுடையது பெரிய காய், வெளிறிய பச்சை, கண்ணாடிபோலத் தோல். அண்ணியுடையது சின்னது, நாரும் கடுப்புமாக இருக்கும். காய்க்கிற பருவத்தில் இரண்டு வீட்டுக் கூடைகளும் அண்ணி வீட்டு அடுக்களைக்குத்தான் போகும். பெரியது பாகுக்கு, சின்னது உப்புக்கு. இவள் உட்கார்ந்து ஒவ்வொரு காயையும் முள்கரண்டியால் கொட்டை வரை குத்துவாள். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். இரும்பு எதையும் அடுப்பருகே விடமாட்டாள். காய் கறுத்துவிடும் என்பாள்.

“உன் வீட்டுக் காய் உன் வீட்டுக்காரர் மாதிரி” என்பாள். “பாக்க வாட்டசாட்டமா இருக்கும். லேசா சூடு காட்டினா கரைஞ்சிடும்.”

“உங்க வீட்டுக் காய் மட்டும் என்னவாம்?”

“உங்க அண்ணனேதான். வருஷக்கணக்கா ஊறப்போட்டாலும் மெத்துன்னு ஆகாது.”

அண்ணியின் சிரிப்பு பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றது. மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் மேல் போர்த்தியிருந்த விரிப்பில் ஒரு மூலையில் ஒட்டு இருந்தது. தான் போட்டதுதான் என்று தையல்காரிக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

காய்கள் முற்றி உதிர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது ரம்பத்தின் சத்தம் கேட்டது. சுவரருகே ஓடி வந்து பார்த்தால் மரம் தரையில் கிடந்தது.

“வேர் சுவரைத் தள்ளுது” என்றார் அண்ணன், இவள் முகத்தைப் பார்க்காமல்.

சுவரில் மயிரிழை விரிசல்கூட இல்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சு, கேட்டதற்குப் பதில் என்ற அளவில் நின்றுபோனது.

அடுத்த பருவத்தில் இவள் மரம் கிளை தெரியாமல் பூத்தது. பூ அத்தனையும் கொட்டியது. ஒரு காய் பிடிக்கவில்லை. எருவைக் கொட்டினாள், தண்ணீரைக் கூட்டினாள். கடைசியில் நாற்றுப்பண்ணைக்காரரிடம் போய்க் கேட்டாள்.

“பக்கத்துல வேற நெல்லி இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சு. வெட்டிட்டாங்க.”

“அப்ப மரத்தைத் திட்டாதீங்க. நெல்லி ஒத்தையா நின்னா சரியாக் காய் பிடிக்காது. வேற ரகத்தோட மகரந்தம் வேணும். இங்க இருக்கிற வேற ரகக் கன்னு ஒண்ணு வாங்கி வைங்க, போதும்.”

போதும்தான். காய்க்க வேண்டும் என்பது மட்டும் கவலையாக இருந்தால் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். சந்தையில் கிடைத்த காயை அண்ணி செய்த மாதிரியே உப்பில் போட்டுப் பார்த்திருந்தாள். ஒரே மாதத்தில் கூழாகிவிட்டது. அந்தச் சின்னக் காய் எந்தக் கடையிலும் இல்லை. அந்தக் கட்டை போனால் அதுவும் போச்சு.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். கைக் கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்தக் கட்டையில துளிர் விட்டிருக்கு. அதுல மொட்டு எடுத்துக்கவா?”

“எதுக்கு?”

“ஒட்டுக் கட்ட.”

சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. “எடுத்துக்கோ பாப்பா. எடுத்து என்ன பண்றேன்னு எங்கிட்ட சொல்லாத” என்றார். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவருக்கு இவள் பாப்பாதான்.

அப்படித்தான் மூன்று மொட்டுகள் வந்தன. துணி துவைக்கும் கல்லருகே தானாக முளைத்திருந்த நெல்லி நாற்றுகளைப் பையில் மாற்றி, அவற்றின் மேல் ஒட்டினாள்.

மறுநாள் கட்டையைப் பெயர்த்தார்கள். அதற்கடுத்த நாள் சிமெண்ட் கலவை கொட்டும் சத்தம் கேட்டது. அவள் நிழலில் பையை வைத்து, தினமும் வேலைக்குப் போகுமுன் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. ஒரு காலை மொட்டு உப்பியிருந்தது. பிறகு ஊசி முனையாய்ப் பச்சை. நாடாவை அவிழ்த்தபோது பட்டையும் பட்டையும் ஒன்றாகியிருந்தன. ஒட்டுக்கு மேலிருந்த நாற்றின் தலையைச் சீவிவிட்டாள். இனி வளர்வதெல்லாம் அண்ணியின் மரம்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணன் வாசலிலேயே நின்றார். கன்றைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை.

“இது வேணாம் பாப்பா. உன் வீட்டுலயே வச்சுக்கோ.”

“அங்கயும் வைக்கலாம். ஆனா இது இங்க இருந்தது.”

“வேர் சுவரைத் தள்ளும்னு சொன்னேன்ல.”

“சொன்ன. சுவரை நானும் பாத்தேன்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“காய் உதிரும், ராத்திரியில. பின்பக்கத் தகரக் கூரை மேல டொக்குன்னு விழும். அவ எழுந்து பொறுக்கப் போறான்னு நெனச்சு நானும் எழுந்துடுவேன். கதவைத் தொறந்தா யாரும் இல்ல. படுத்தா மறுபடியும் விழும். எத்தனை தடவைதான் எழுந்திருக்கிறது?”

தன் மரம் காய்க்காமல் நிற்பதைச் சொல்லலாம் என்று வந்திருந்தாள். அதை விழுங்கிவிட்டாள்.

“இது காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும்.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள தூங்கப் பழகிக்கோ. தூக்கம் வரலேன்னா எழுந்து, விழுந்ததப் பொறுக்கி வை. உப்புல போட நான் இருக்கேன்.”

அண்ணன் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்ட்.

“எங்க வைக்கிறது? எல்லாத்தையும் மூடிட்டேனே.”

“கடப்பாரை எங்க வீட்டுல இருக்கு. உன் மச்சானும் சும்மாதான் இருக்காரு.”

அவர் சிரிக்கவில்லை. நிலையை விட்டுவிட்டு, உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.

“அடியப் பிடி அண்ணா. தண்டப் பிடிக்காத” என்று சொல்லி, பையின் கனம் முழுக்க அவர் கைக்குப் போகும்வரை காத்திருந்து, தன் கைகளை எடுத்தாள்.