சுக்குக் கிடங்கின் மாடியில் பி.ஏ. இலக்கியம்

எழுபதுகளின் பிற்பாதியில் நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தது கொச்சியின் கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில். எர்ணாகுளத்துக் கல்லூரிகளில் சேருமளவுக்கு எனக்கு மதிப்பெண் இல்லை. என்னைப் போன்ற பெண்களுக்காகவும் பையன்களுக்காகவும் தனியார் நடத்திய இடம் அது. பாரலல் காலேஜ் என்பார்கள். பாடம் அங்கே, பரீட்சை மட்டும் பல்கலைக்கழகத்தில். இலக்கிய வகுப்பில் மொத்தம் ஆறு பேர். கீழே மூட்டை இறக்கினால் மாடி முழுக்கத் தூசி ஏறிவிடும். சார் கவிதையின் பாதி வரியில் தும்முவார். நாங்களும் தும்முவோம். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி கல்யாணமானவள். கும்பளங்கியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட மூத்தவள் என்பதால் சேச்சி என்று கூப்பிட்டேன். கணவர் மீன்பிடி போட்டில் வேலை பார்த்தார். ப்ரீடிகிரியோடு நின்ற படிப்பை முடிக்கச் சொன்னவர் அவர்தான். சின்ன மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். வகுப்பில் கேள்வி கேட்பது அவள் மட்டுமே. பாடலில் வரும் பறவை என்ன நிறம் என்பாள். தானும் பார்த்ததில்லை என்று சார் ஒப்புக்கொள்வார். மற்ற ஐந்து பேரும் நோட்ஸை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் சேச்சியின் கணவர் போன போட் கவிழ்ந்தது. கூடப் போன சிலரை வேறொரு போட்டில் வந்தவர்கள் காப்பாற்றினார்கள். அவர் கிடைக்கவில்லை, உடலும் கரைக்கு வரவில்லை. சாரோடு நாங்கள் ஐந்து பேரும் கும்பளங்கிக்குப் போனோம். சேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சார் தலையைக் குனிந்தபடியே இருந்துவிட்டு எழுந்தார்.

இனி வரமாட்டாள் என்றே நினைத்தோம். மழை விட்டபின் ஒரு காலை, வெள்ளைச் சேலையில் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். "அம்மச்சிதான் போகச் சொன்னாங்க. மகன் ஆசைப்பட்டதாம்" என்று மாமியாரைப் பற்றி என்னிடம் மெல்லச் சொன்னாள்.

அன்று நடத்த வேண்டியிருந்தது ஓர் இரங்கற்பா, இறந்த நண்பனுக்காக ஒரு கவிஞர் பாடியது. சார் புத்தகத்தைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் மூடினார்.

"இது பின்னே ஆகட்டும். நாவல் எடுக்கலாம்."

"வேண்டா சாரே," என்றாள் சேச்சி. "இன்னு உள்ளது இதல்லே. இது மதி." இன்றைய பாடம் இதுதானே, இதுவே போதும் என்று.

சார் வாசித்தார். பாட்டில் ஆறும் மரங்களும் அழுதன, தேவதைகள் வந்து புலம்பினார்கள். கடைசியில் கவிஞர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வாசித்து முடித்ததும் சேச்சி கேட்டாள்.

"சாரே, இதில் எல்லாரும் கரையுந்நு. ஆரும் சோறு வைக்குந்நில்லல்லோ."

எல்லோரும் அழுகிறார்கள், யாரும் சோறாக்கவில்லையே என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். மகனைக் கடல் கொண்டுபோன பிறகும் அம்மச்சி அடுப்படியில் உட்கார்ந்து மீன் வெட்டினாள். குழந்தைக்குப் பசித்தது. அழுதுகொண்டேதான் வெட்டினாள், அழுதுகொண்டேதான் ஊட்டினாள்.

சார் புத்தகத்தை மூடிவைத்தார். "பரீட்சையில் இந்தப் பாட்டைப் பற்றிக் கேள்வி வந்தால் இதைத்தான் எழுதணும். கைடில் உள்ளது வேண்டா" என்றார்.

அன்றுவரை கவிதை எனக்கு மதிப்பெண் விஷயம். கவிஞன் சொன்னதை மறுத்துப் பேசலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து படித்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவள் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இறுதிப் பரீட்சை நாட்களில் கும்பளங்கி பஸ்ஸை நம்ப முடியாது. அவளை மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் தங்க வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எங்களுடையது மரக்கறி மட்டும் சமைக்கும் தமிழ்க் குடும்பம். அம்மா ஆசாரம் விடாத மடிசஞ்சி வேறு. கொஞ்சம் யோசித்தாள். "பின்னே அந்தப் பொண்ணு எங்க போகும்? வரட்டும்" என்றாள்.

முதல் நாள் சாப்பாட்டின்போது அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது.

"உனக்கு மீன் இல்லாம சோறு இறங்குமோ, குட்டி?"

"இறங்கும் அம்மா. நான் மீன் தின்னு குறே நாளாச்சு, ரொம்ப நாளாச்சு."

அம்மா இன்னொரு கரண்டி எரிசேரிக் கூட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தலை பின்னிவிட்டாள்.

அந்த இரங்கற்பா பரீட்சையில் வரவே இல்லை. சேச்சி செகண்ட் கிளாஸில் தேறினாள். நானும் ஒருவழியாகத் தேறினேன். அவள் பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் திருப்பூணித்துறையில் கல்யாணம் ஆயிற்று.

எண்பதுகளின் நடுவில் திருப்பூணித்துறை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் தோளுக்கு வளர்ந்த மகள். சேலையில் நிறம் திரும்பியிருந்தது. அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் கணவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மகள் என்னைக் காட்டி யார் என்று கேட்டாள்.

"என்கூட படிச்சது" என்றாள் சேச்சி.

எர்ணாகுளம் பஸ் வந்தது. கூட்டத்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.