போடிமெட்டில் செத்தவரோடு ஒரு பயணம்

சென்ற நவம்பரில் நான் போடிமெட்டுக்குப் போனது மூடுபனி பார்க்க அல்ல. என் நண்பர் செல்வராசு அங்கே செத்துப்போயிருந்தார். அவரையும் அவர் மனைவியையும் அந்த இடத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது.

விளக்கிவிடுகிறேன். செல்வராசு போடிக்காரர். இருபது வருடமாகச் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் நடிப்பவர். சென்னையில் ஒரு நிறுவனம் அவரை ஓர் அறையில் நிறுத்தி எல்லாப் பக்கமும் படம்பிடித்துக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றது. மீதியைச் செயற்கை நுண்ணறிவு நடித்துவிடுமாம். படத்தின் முன்னோட்டத்தில், போடிமெட்டுப் பாதையில் ஜீப் கவிழ்ந்து, டிரைவராக வரும் தான் ஏலச்செடிகளுக்கு நடுவே பிணமாகக் கிடப்பதை அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். மனைவி முத்துலட்சுமியும் பார்த்தார்.

நம் சினிமாவில் பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆகாது. “இவரு எந்திரிக்கவே இல்லையே” என்றார் முத்துலட்சுமி. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. நிறுவனத்தைக் கேட்டதற்கு, மென்பொருளில் அந்த வசதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. செத்த இடத்துக்கே போய்ப் படுத்து, எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவது என்று முடிவானது.

காலை ஏழு மணிக்குப் போடியில் ஜீப் பிடித்தோம். மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், போக வர இரண்டாயிரம் ரூபாய். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் செலவு குறைவு. ஆனால் நம் வசதிக்கு நிறுத்தமாட்டார்கள்.

டிரைவர் ரபீக் முன்னோட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தார். “எந்த வளைவுலண்ணே செத்தீக?”

“எனக்கென்ன தெரியும் தம்பி? அன்னைக்கு நான் வீட்ல இருந்தேன்.”

பதினேழிலும் இறங்கிப் பார்த்தோம். படத்தில் சாலையோரம் ஓர் ஏரி இருந்தது. “இந்த ஏரிய எங்கருந்துண்ணே கொண்டாந்தாய்ங்க?” என்றார் ரபீக்.

கடைசியில், மெட்டைத் தாண்டி ரபீக்குக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், காவல்காரரிடம் சொல்லிவிட்டு நுழைந்தோம். மர நிழலில் ஆளுயர ஏலச்செடிகள், காலடியில் சேறு. ரபீக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். செல்வராசு படுத்தார். உடனே எழுந்துவிட்டார்.

“ஒரு டிரைவரு இப்படியா சாவான்? வண்டிக்குள்ள இருந்தவுக என்ன ஆனாகன்னு பாக்கமாட்டானா?”

சற்றுத் தள்ளிப்போய், அங்கிருந்து தவழ்ந்து வந்தார். ஒரு திசையில் பார்த்தார். உதடு யார் பெயரையோ கூப்பிட்டது. இழுத்துவிடுவதுபோல் கை நீண்டது, பிறகு விழுந்தது. அந்தத் திசையில் ஜீப் இல்லையென்று தெரிந்தும் நான் திரும்பிப் பார்த்தேன். முத்துலட்சுமி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “போதும், எந்திரிங்க!”

ரபீக் மூக்கை உறிஞ்சினார். “அண்ணே, பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அமுக்கல.”

செல்வராசு சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்தார். ரபீக் அவசரமாக அமுக்கினார். பதிவானது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

எல்லாப் பக்கமும் படம்பிடித்தவர்களிடம், அவர் யாரை இழுக்கக் கை நீட்டினார் என்பது கிடையாது. அதை யாரும் அவரிடம் கேட்கவுமில்லை.

போகிறவர்களுக்கு: அட்டைக்கு உப்பு, குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். மூன்று மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. பிறகு மூடுபனியில் எதிர்வண்டி தெரியாது.

இறங்கும்போது முத்துலட்சுமி அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “தோசம் கழிஞ்சிருச்சு” என்றார்.

“அப்ப இனிமே நடிக்கக் கூப்பிடுவாகளா?” என்று செல்வராசு கேட்டார்.

“நான் உங்க உசுரத்தான் கேட்டேன்” என்றார் முத்துலட்சுமி.