மாசிக்காயும் ஒரே உரைகல்லும்

நாட்டு மருந்துக் கடையில் நிற்பவனுக்குச் சரக்கை நிறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது; கூடவே ஒரு கதையையும் சேர்த்துப் பொட்டலம் கட்டத் தெரிய வேண்டும். நான் கட்டிக் கொடுத்த கதைகளில் ஒன்றைப் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். நல்ல நாள் பார்த்து உதட்டோரம் கொப்புளம் கிளம்பி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றே நாள்

எழுபதுகளில் காரைக்கால் கடைத்தெருவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பல வருஷம் முந்தியே அங்கே நின்றவர் சவரி அண்ணன். உதட்டுப் புண் என்று யார் வந்தாலும் மாசிக்காயை எடுத்து நீட்டுவார். கல்லில் தேன் விட்டு உரைத்து, விரலால் தொட்டுத் தடவ வேண்டும். வந்தவர் தயங்கினால் தங்கை கதை வரும். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு நாலு நாள்தான் பாக்கி, தங்கை உதட்டில் கொத்தாகக் கொப்புளம். மாசிக்காய் போட்டார், மூன்றே நாள், தாலி கட்டும்போது உதடு பளிச்.

ஒரே மாதத்தில் நானும் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. அது அண்ணனுக்கே உரியது: "கல்யாண போட்டோ வீட்டுல மாட்டியிருக்கு, வந்து பாருங்க!"

பல்லி மேல் பழி

தருமபுரத்திலிருந்து சைக்கிளில் ஆபீஸ் போகும் குமாஸ்தா ஒருவர். வருஷத்துக்கு இரண்டு தடவை அவருக்கு உதடு வெடிக்கும். பல்லி மூத்திரம் பட்டிருக்கும் என்று அம்மா சொன்னாராம். "ஊருல இத்தன பேரு இருக்க, பல்லிக்கு உங்க உதடுதான் கெடச்சுதா?" என்று மனைவி கேட்டாராம். மாசிக்காயோடு கதையையும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "ஒங்க மருந்து போட்டேன், எட்டு நாள்ல ஆறிடுச்சு. அதுக்கு முந்தின தடவ ஒண்ணுமே போடல. அதுவும் எட்டு நாள்தாங்க!"

கோவில்பத்துப் பெண்

குமாஸ்தா சொன்னதற்குச் சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், கோவில்பத்திலிருந்து நாலு மாதக் கைக்குழந்தையோடு, தன் உதட்டுப் புண்ணுக்கு மருந்து கேட்டு வந்த அந்தப் பெண்ணிடமாவது வாயை மூடிக்கொண்டிருப்பேன். மூன்றே நாள் என்றேன். நம்பி வாங்கிப் போனாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். குழந்தைக்கு வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலடித்து, பால் குடிக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது. பிழைத்துவிட்டது; ஆனால் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. தாயின் புண்தான் ஒட்டியது என்றாராம் டாக்டர். முத்தம் கொடுத்தும் ஒட்டியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அவள் சண்டை போடவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு இவ்வளவுதான் சொன்னாள்: "விரலால தொட்டுத் தடவிட்டு, மறுபடி அதே கல்லுலதாண்ணே தொட்டேன். புள்ளையக் குளிப்பாட்டிட்டு மருந்து உரைச்சுக் குடுக்கிறதும் அந்தக் கல்லுலதான். வேற கல்லு வேணும்னு நீங்க சொல்லலியே."

போட்டோ

அதற்கப்புறம் மாசிக்காயைக் கதையில்லாமல்தான் கட்டிக் கொடுத்தேன். சவரி அண்ணன் அதற்குள் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வந்த பிறகு போய், குழந்தையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து, "நான் பொய் சொல்லலப்பா" என்று சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தங்கையின் உதட்டில் ஒரு வடுகூட இல்லை. கதை நிஜம்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டிருக்க வேண்டியதை, ஊருக்கெல்லாம் யோசனை சொல்லி முடித்த பிறகு கேட்டேன்: "அண்ணே, புண்ணு வந்து எத்தனாவது நாள் மருந்து போட்டீங்க?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: "அஞ்சாவது நாளுப்பா, அதுக்கப்புறம்தான் மூணே நாளு."