வழி கேட்காத ரூட்டு மாமா

என் பெரியக்காவின் வீட்டுக்காரரை அவர் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ரூட்டு என்றால்தான் தெரியும். ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டர். எந்தச் சந்துக்கு எந்த பஸ், எங்கே இறங்கி எங்கே மாற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சும்மா சொன்னால் பரவாயில்லை. கேட்டவனை நாலு பேர் முன்னால் நோகடித்துவிட்டுத்தான் சொல்வார்.

"கண்ணு எதுக்கு இருக்கு, போர்டு எதுக்கு இருக்கு? வழி தெரியாதவனெல்லாம் வீட்ட விட்டு ஏன்யா கிளம்புறீங்க?"

பஸ்ஸே சிரிக்கும். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கொழுப்பு குறையவில்லை.

சின்னக்கா நுரையீரல் கெட்டுப்போய், நான் இருக்கும் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாயங்காலத்துக்குள் தொண்டையில் குழாய் போட்டே ஆக வேண்டும், அப்புறம் பேச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா வரட்டும்டா. ஒரு வார்த்த பேசிக்கிறேன். அப்புறம் எத வேணா சொருகட்டும்" என்றாள்.

அவளை விட்டு என்னால் நகர முடியவில்லை. பெரியக்காவோடு ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமாவுக்கு போன் போட்டேன். "மெட்ரோ நடுவுல ரெண்டாப் பிரியுது மாமா. ஏறுறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டுக்கங்க."

"யாருக்குடா வழி சொல்ற?" என்று போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் லைனே கிடைக்கவில்லை.

நடந்ததைப் பிறகு அக்காதான் சொன்னாள். ஒரே பிளாட்பாரம், ஒரே கலர் கோடு என்று வந்த முதல் வண்டியில் ஏறியிருக்கிறார் மனுஷன். அது வேறு பக்கம் பிரிந்துபோய்க் கடைசி ஸ்டேஷனில் நின்றது. திரும்பி வந்து, அடுத்து வந்ததில் ஏறினார். மறுபடியும் அதே கடைசி ஸ்டேஷன். அக்கா பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் வாயெடுத்ததும் அவள் மணிக்கட்டை நெரித்திருக்கிறார்.

"ஊருக்கே வழி சொன்னவன் பொண்டாட்டி, கண்டவங்ககிட்ட வழி கேப்பியா? வாய மூடிட்டு உக்காரு."

அக்காவும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடிப்பாவி, அன்றைக்கு ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிறது.

இங்கே சின்னக்கா வாசலையே பார்த்துக்கொண்டு நர்ஸின் கையைத் தள்ளித் தள்ளிவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. "இனிமே தாங்காதும்மா" என்று டாக்டரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயைப் போட்டுவிட்டார்கள்.

அக்கா வந்தபோது சின்னக்காவின் நெஞ்சு மட்டும் மெஷின் சத்தத்துக்கு ஏறி இறங்கியது.

"என்னடா சொன்னா?"

"நீ எங்க வந்துட்டிருக்கேன்னு கேட்டுட்டே இருந்தா."

மாமா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி, "சுத்த மோசமான மெட்ரோ. வண்டியே லேட்டு" என்றார்.

விடிவதற்குள் சின்னக்கா போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. அக்கா மாமாவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவர்கள் ஊருக்குப் போனேன். மூவரும் கடைக்குப் போய்த் திரும்பினோம். தெருமுனை டீக்கடை பெஞ்சில் மாமாவின் பழைய பஸ் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அங்கே நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

டீக்கடைக்காரர் அசரவில்லை. "நேராப் போயி ரெண்டாவது கதவும்மா."

"இவருக்குத் தெரியாதுண்ணே. கேக்கவும் மாட்டாரு."

பெஞ்சே சிரித்தது. மாமா என் தோளைப் பிடித்தார். "வெளிய வந்தாலே இப்படித்தான்டா. நீயாவது அவகிட்டச் சொல்லுடா."

எனக்கு இரக்கம் வரவில்லை. டீக்கடைக்காரர் பக்கம் திரும்பி, பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே கேட்டேன்.

"அண்ணே, ரெண்டாவது கதவுன்னா, வலது பக்கமா இடது பக்கமா?"