சந்தையில் தொலைந்த போல்பெத்தா

எர்சீலியாவின் மனசில் பிள்ளைகளின் பெயர் நிற்காது. மொனோபோலி துறைமுகத்துக்குப் பக்கத்து மழலையர் பள்ளியில் அவள் இருபத்தாறு வருடமாகச் சமையல்காரி. அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையையாவது பதிவேட்டுப் பெயரால் கூப்பிட்டிருப்பாளா, சந்தேகம்தான். பையன் என்றால் பதாதினோ, உருளைக்கிழங்குக் குட்டி. பெண் என்றால் தொபோலினா, சுண்டெலிக் குஞ்சு. பெற்ற மகனையே "அம்மா, சாப்பிடும்மா" என்று கொஞ்சுகிற ஊரில் இதை யார் குறை சொல்வார்கள்?

தலைமை ஆசிரியை லொரெதானா சொன்னாள்.

"எர்சீலியாக்கா, புள்ளைங்களுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கு."

"பேரா? அது டாக்டர் ஊசி போடக் கூப்பிடறதுக்கு. நான் பாஸ்தா போடறவ."

அந்த மார்ச்சில் வடக்கே தூரினிலிருந்து ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். மூன்று வயது. நான்கு நாளாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அவனுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்ததும் எர்சீலியாவுக்கு உருளைக்கிழங்கு போதவில்லை. "வாடா என் போல்பெத்தா, என் கறி உருண்டை!" என்று தட்டை நீட்டினாள். பேசாமல் தட்டைக் காலி செய்தான்.

ஐந்தாம் நாள் காலை பிள்ளைகளை வாரச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு எர்சீலியாவும் போனாள். பழக்கடை முன்னால் லொரெதானா தலைகளை எண்ணினாள். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து. புதுப் பையனைக் காணோம்!

லொரெதானா கடல் பக்கம் ஓடினாள். எர்சீலியா, மைக்கில் கூவி விற்றுக்கொண்டிருந்த பாத்திரக்காரரின் வேனுக்கு ஓடி, அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"பையன் பேரு என்னக்கா?" என்று கேட்டார் பாத்திரக்காரர்.

"பேரு... பேரு..." ஒன்றும் வரவில்லை. வாய் பழக்கத்தில் தானாகவே கத்தியது: "பதாதினோ! எங்கடா இருக்கே, என் பதாதினோ!"

சந்தையே அமளிதுமளியானது. பாலாடைக்கட்டிக் கடையிலிருந்து ஒருவன், தள்ளுவண்டியிலிருந்து வழுக்கி இறங்கி ஒருவன், செருப்புக்கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு ஒருவன். ஆறு பேர் ஓடி வந்தார்கள், பின்னாலேயே ஆறு அம்மாக்கள்.

"ஏம்மா, என் பதாதினோவை நீ எதுக்குக் கூப்பிடறே?"

"உன்னோடதா? இந்த ஊருல பதாதினோன்னா என் புள்ளைதான்!"

நரைத்த மீசையோடு மீனவர் கொசிமோவும் வந்து நின்றார். "யாரு என்னைக் கூப்பிட்டது? எங்கம்மா போனப்புறம் அப்படி யாருமே கூப்பிடலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எர்சீலியா மட்டும் ஓடி வந்த முகங்களுக்குள் அவனைத் தேடினாள். சட்டென்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ, அவன் உருளைக்கிழங்கு இல்லையே, கறி உருண்டையாச்சே! போல்பெத்தா! என் உசுரே, எங்கடா இருக்கே?"

திரைச்சீலைக் கடையின் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க இருக்கேன் அத்தை!"

அவன் அந்த ஊரில் பேசிய முதல் வார்த்தை அதுதான். துணியை விலக்கி அவனை வாரித் தூக்கிய எர்சீலியா அழுதாள், சிரித்தாள், முத்தமாகப் பொழிந்தாள். கொசிமோ கைதட்ட, சந்தை முழுக்கக் கைதட்டியது.

சாயங்காலம் பையனின் அம்மா பியரா பள்ளி வாசலுக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் லொரெதானா சொல்லக் கேட்டு முகம் வெளிறிப்போனாள். பிறகு, "லுதோவீகோ, வா போகலாம்" என்றாள். விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. பியரா சுற்றுமுற்றும் பார்த்தாள். காது சிவக்கக் குனிந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"போல்பெத்தா?"

அவன் பாய்ந்து வந்து மோதிய வேகத்தில், அலுவலகப் பாவாடையோடு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க அவளுக்கு அவசரமே இல்லை.