அண்ணனின் குரலில் பேசியவன்

கடலுக்குப் பயப்படாமல் படகேறி ஆஸ்திரேலியாவுக்கு வந்த கிருபானந்தன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தன் கைபேசிக்குப் பயந்தான். மெல்பனில் நாலைந்து ஆண்கள் சேர்ந்திருந்த வாடகை வீடு அது. போன் அடித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வான். அண்ணன் செருமுவது போலவே தொண்டையைச் செருமுவான். பிறகு, "ஹலோ, அப்பா கதைக்கிறன்" என்பான்.

அவன் யாருக்கும் அப்பா இல்லை. உண்மையான அப்பா, அவனுடைய அண்ணன் ஸ்ரீகாந்தன், சிட்னியில் வேலை செய்த கிடங்கில் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவேயில்லை. மகள் ஆரணிக்கு ஆறு வயது. செத்தவீடு முடியும்வரை அவளைப் பக்கத்து வீட்டில் கார்ட்டூன் போட்டு இருத்தி வைத்தார்கள். தகனச்சாலையில் பொத்தானை அமத்தியவன் கிருபானந்தன்தான்.

அன்று சிட்னி டூங்கபியில் அண்ணன் வீட்டில் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். "பிள்ளை தாங்காது. தகப்பன் மெல்பனுக்கு வேலைக்குப் போட்டார், தம்பியோட நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ. பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம்" என்றார் மகேந்திரராஜா அங்கிள். ஊரில் எந்த வீட்டுக்கும் யோசனை சொல்ல அவருக்கு நேரமிருக்கும். மெல்ல மெல்ல என்றால் எப்போது, யார் சொல்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எல்லாரும் காரேறிப் போய்விட்டார்கள்.

ஆரணி அப்பாவோடு கதைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அண்ணன் தம்பிக்கு ஒரே குரல். அண்ணனின் மனுசி சஜிதாவே முன்பு எத்தனையோ தரம் போனில் ஆள் மாறிக் கதைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். "ஒருக்கா மட்டும் கதையுங்கோ தம்பி. பிள்ளை சாப்பிடுறாளில்லை" என்று அழுதாள். கதைத்தான். பிள்ளை சாப்பிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

முன்பெல்லாம் ஞாயிறுகளில் அவன் சித்தப்பாவாகப் போன் எடுத்து, தன் வீட்டுக் கூரைக்குள் குடியிருக்கும் பொசம் என்ற பூனையளவு பிராணிக்கு வாழைப்பழம் வைக்கிற கதை சொல்லுவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவன் அப்பா. வீடியோவில் வரச்சொன்னால் கமரா பழுது என்றான். பாட்டுப் பாடச் சொன்னால் தடிமன், தொண்டை கட்டிப்போச்சு என்றான். அடுத்து என்ன கேட்பாளோ என்று கோழித் தொழிற்சாலையில் கத்தி பிடித்து நிற்கும்போதும் யோசிப்பான். செத்தவனின் குரலைக் களவெடுத்துக்கொண்டு திரிகிறேனே, அண்ணன் எங்கேயாவது நின்று கேட்கிறாரோ என்று பயந்தான். என்றைக்கோ ஒருநாள் தன் வாயால்தான் அந்தப் பிள்ளை தகப்பனை இழக்கப் போகிறாள் என்பது அதைவிடப் பெரிய பயம். நாலு வார்த்தை கதைத்ததும் "அப்பாக்கு வேலை, வைக்கிறன் குஞ்சு" என்று வைத்துவிடுவான்.

அந்த ஞாயிறு அவள் குசுகுசுத்தாள்.

"அப்பா, அம்மா குசினிக்க சமைச்சுக்கொண்டு நிக்கிறா. ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்கோ குஞ்சு."

"சித்தப்பா செத்துப்போனாரா?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரும் அழுதவை. நீங்கள் எனக்கு பை சொல்லாமல் மெல்பனுக்குப் போனீங்கள். சித்தப்பா எவ்ரி சண்டே எடுப்பார், இப்ப எடுக்கிறேல்லை. நீங்கள் அவற்ற வீட்டிலதானே நிக்கிறீங்கள், அவர் கதைக்கிறேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "நான் ஸ்கூல் பாத்ரூமுக்க போய் அழுறனான். அம்மாக்குத் தெரியாது. இனி பொசத்துக்கு ஆர் பழம் வைக்கிறது?"

ஞாயிறு தவறாமல் அண்ணனாகக் கதைத்தவன், ஒருமுறையாவது தானாகக் கதைக்க மறந்துபோயிருந்தான். அந்தக் குஞ்சு தன்னந்தனியே அவனுக்குச் செத்தவீடு கொண்டாடியிருக்கிறது.

"ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுடைய அப்பா உயிரோடு இருப்பார், சித்தப்பாதான் செத்துப்போவான். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. அவள் ஒரு பாத்ரூமுக்குள் ஒளித்து அழுகிறாள், தான் ஒரு பாத்ரூமுக்குள் ஒளித்துப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தபோது அந்தச் சொல் தொண்டைக்குள் திரும்பிப் போயிற்று.

"அம்மாவைக் கூப்பிட்டு அம்மான்ர மடியில இருங்கோ குஞ்சு."

சஜிதா வந்தாள். "அண்ணி, சொல்லப்போறன்" என்றான். "ஐயோ, வேண்டாம் தம்பி" என்றாள் அவள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவன் தொண்டையைச் செருமவில்லை.

"குஞ்சு, பொசத்துக்கு நான்தான் பழம் வைக்கிறன். நான் சித்தப்பா. நான் சாகேல்லை."

அந்தப் பக்கம் சந்தோசத்தில் ஒரு சத்தம் எழும்பியது. பாதியில் நின்றது.

"அப்ப அப்பா?"

"அப்பா செத்துப்போனார். அவற்ற இதயம் வேலை செய்யாமல் நிண்டுபோச்சு. இனி வரமாட்டார், கதைக்கவும் மாட்டார். இவ்வளவு நாளும் கதைச்சது நான். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

அவள் அழுத அழுகையை அவனால் கேட்க முடியவில்லை. இனி இந்தப் பிள்ளைக்குத் தன் குரலே ஆகாது என்று நினைத்தான். பழக்கதோசத்தில் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"சித்தப்பா" என்றாள் அவள், விக்கி விக்கி. "போனை வைக்காதேங்கோ."