போட்டோவில் இருந்த முகவாய்

“இதே மாதிரி வரணும்மா,” என்று அந்த அம்மாள் பக்கவாட்டுப் போட்டோ ஒன்றை என் மேசைமேல் வைத்தார். போட்டோவில் இருந்த மகள் நித்யா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முகவாய் மட்டும் வேறு. செகந்திராபாத் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டிருந்தார். திருமண இணையதளத்தில் அதைப் பார்த்து அமெரிக்காவில் ஒரு மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. இரண்டு மாதத்தில் நேரில் பார்க்க வருகிறார்.

அழகு சிகிச்சை ஆஸ்பத்திரியில் என்னைப் போலக் கவுன்சிலராக இருந்தவர்களுக்குத் தெரியும்: டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் வருகிறவர்களின் நம்பிக்கையில் கொஞ்சத்தை வெட்டியெடுப்பது எங்கள் வேலை, அதற்கு மயக்க மருந்து கிடையாது.

வரைபடம்

எலும்பை வெட்டி முன்னால் நகர்த்தலாம், அல்லது சிலிக்கான் துண்டு வைக்கலாம், எப்படிச் செய்தாலும் போட்டோவை அச்செடுத்தது போல வராது என்றேன். தசையும் தோலும் அவற்றின் இஷ்டப்படிதான் படியும் என்றேன். நித்யாவின் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று சைனிக்புரியில் வீடு கட்டியவர். அவர் குறுக்கிட்டார்.

“நாங்க டிராயிங்கைப் பார்த்துத்தாம்மா இரும்பையே கடைஞ்சோம். உங்க டாக்டருக்கு டிராயிங் படிக்க வராதா?”

பூரிப்பு

அடுத்த முறை அம்மாள் ஆபரேஷனுக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டு வந்தார். வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் வடியும், முகம் முழுதாகப் படிய மாதக்கணக்கில் ஆகும், டாக்டரும் தள்ளிப்போடச் சொல்கிறார் என்றேன். கீழுதடு மரத்துப்போகலாம், அநேகமாகச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஹைதராபாத்காரர்கள் பாணியில் “ஹவ், ஹவ்” என்று ஆமாம் போட்டார். மாப்பிள்ளை வரும்போதும் முகத்தில் கொஞ்சம் வீக்கம் மிச்சமிருக்குமே என்றேன்.

“இருக்கட்டும். கல்யாணப் பூரிப்புன்னு நினைச்சுக்குவாங்க.”

பரம்பரை

நித்யா மருந்துக் கவுண்டருக்குப் போயிருந்தபோது அம்மாள் நாற்காலியை அருகே இழுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இந்தப் புது முகவாய் வருமா என்று கேட்டார். வராது, ஆபரேஷன் ரத்தத்தில் இறங்காது என்றேன். அவருக்கும் அதே சின்ன முகவாய்தான். பேசும்போதெல்லாம் முந்தானை நுனியால் அதை மறைத்துக்கொள்வார்.

“போகட்டும். அது தெரியறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருக்கும்.”

தனியாக

பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். வேண்டாம் என்று நித்யா ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் தொடமாட்டார். அதையும் அவளிடம் சொன்னேன். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், என்னிடம் மெதுவாகத் தமிழிலேயே பேசினாள். மாதாப்பூரில் வேலை, நல்ல சம்பளம், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. பிறகு எதற்கு என்று கேட்டேன்.

“அவர் தினமும் சாட் பண்றது போட்டோல இருக்கிற பொண்ணுகூடத்தான், அக்கா. நானே அவளாயிட்டா யாருக்கும் பொய் இல்லையே.”

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த இடம்

ஆபரேஷனில் குறையில்லை. மாப்பிள்ளைதான் வரவில்லை. அங்கே ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போய்விட்டது. கல்யாணப் பேச்சே இப்போது வேண்டாம் என்று இரண்டு வரி மெயில்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். வீக்கம் வடிந்திருந்தது. முகம் பழையது போலவும் இல்லை, போட்டோவைப் போலவும் இல்லை. உதட்டில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாள் பையிலிருந்து அந்தப் பழைய போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அடுத்த இடத்துக்கு இதுவே போதுமாம்மா, இல்ல புதுசா எடுக்கணுமா?”

எலும்பை நகர்த்த எங்களிடம் டாக்டர் இருந்தார். ஒரு போட்டோவை மேசையிலிருந்து நகர்த்தத்தான் யாருமில்லை.

வரவழைத்திருந்த டீயை நித்யா ஜன்னலைப் பார்த்தபடி குடித்தாள். கீழுதட்டின் ஓரத்திலிருந்து டீ வழிந்து முகவாயில் இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. அம்மாள் என் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டே, முந்தானை நுனியால் மகளின் முகவாயைத் துடைத்துவிட்டார்.